பென்சில் திருத்தங்கள்

மேல்மாடியில் மூன்று குளிர்காலம் குடியிருந்த ஓக்னியான்
வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனான்.
ஒன்றரை வருஷம் கழித்துத் தபாலில் ஒரு நாவல் வந்தது.
உதறிப் பார்த்தேன்.
பணம் இல்லை.
நான் இருந்தேன்.

பெயர் வேறு: தெமெனுகா.
பிழைப்பு அதேதான். ரூசே நகரத்துப் படகுத்துறையில்
டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாள்.
எதிரே டான்யூப். அக்கரை ருமேனியா.
பச்சையாக ஒன்றும் இல்லை, கிரேன்கள்தான்.

எழுபத்தொன்றாம் பக்கத்தில் வீடு திரும்புகிறாள்.
விளக்கைப் போடாமல், கோட்டைக் கழற்றாமல்
சமையலறை நாற்காலியில் உட்காருகிறாள்,
யாரோ வந்து பெயர் கூப்பிடும்வரை
எழுந்திருக்கக் கூடாது என்பதுபோல.

பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்:
'பொய். நான் இப்படி உட்காருவதே இல்லை.'
என் எழுத்து எனக்கே சரியாகத் தெரியவில்லை.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
விளக்கு போட்டிருக்கவில்லை.
கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை.

மேலே இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?
காதால் பார்த்திருப்பான்.
சாவி திரும்பும் சத்தம், கதவு,
நாற்காலி இழுபடுவது,
பிறகு சுவிட்ச் சத்தம் வராத அந்த நீளம்.

மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு வாரம் ஒளித்து வைத்தேன் அவளை.
பிறகு எடுத்தேன்.
தப்புகளைப் பிடிக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக.
நிறையவே இருந்தன.
அவளுக்கு இடதுகால் சற்று இழுக்கும், எனக்கு இல்லை.
அவள் தேநீரில் தேன் விடுவாள், எனக்குக் குமட்டும்.
அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், ஒன்பது வயதில் ஆற்றோடு போனான்.
எனக்குத் தம்பியே கிடையாது.
அவனுக்காக இரண்டு இரவு அழுதேன்.
இதை எந்த ஓரத்தில் திருத்துவது?

இருநூற்றுப் பன்னிரண்டில்
மேலாளர் அவளிடம் ஞாயிறு வேலையையும் தலையில் கட்டுகிறார்.
'முடியாது' என்கிறாள்.
அவ்வளவுதான். காரணம் இல்லை.
டிக்கெட் கட்டுக்கு ரப்பர் வளையம் போடுகிறாள்,
அத்தியாயம் முடிகிறது.

நான் பத்தொன்பது வருஷம் காரணம் சொன்னவள்.
பல்வலி, அக்கா மகனின் காய்ச்சல், குழாய் உடைந்தது,
சொல்லிச் சொல்லி, கடைசியில்
ஞாயிறும் போய் உட்கார்ந்தவள்.
பென்சில் நுனி ஒடிய எழுதினேன்:
'இவள் நான் இல்லை.'

மார்ச் மாதம். பனி உருகி ஓடையாய்ப் போகிறது.
ஹரலாம்பி கவுண்டரில் சாய்ந்து நின்று,
'இந்த ஞாயிறும் நீயே பார்த்துக்கொள்' என்றார்.
பல்வலிக்காக வாயைத் திறந்தேன்.
'முடியாது' என்று வந்தது.
அவர் காரணத்துக்காகக் காத்திருந்தார்.
நானும் காத்திருந்தேன்,
எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.
மணல் ஏற்றிய படகு ஒன்று முழுதாகக் கடந்து போகும்வரை
இருவரும் பேசவில்லை.
ரப்பர் வளையம் எங்கே என்று தேடினேன்.

அன்று இரவு அந்த வரியை அழித்தேன்.
அழுத்தி அழித்ததில் காகிதம் இழைந்து
அச்செழுத்தும் கொஞ்சம் போய்விட்டது.
இப்போது அங்கே
அவன் எழுதியதும் இல்லை, நான் எழுதியதும் இல்லை.

அக்கா பாவுன்காவுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்.
போனில் கத்தினாள்:
'தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், நீ எங்கேயும் இல்லையே!
ஆனால் பக்கத்து வீட்டில் ஒருத்தி,
ஊறிய முட்டைகோஸைக் கூட எண்ணித் தருகிற கஞ்சத்தி,
அது அப்பட்டமாய் நான்தானடி.
அந்த ஆள் என்னைப் பார்த்ததே இல்லையே?'
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
மறுநாள் பேருந்தில் ஒரு பெரிய ஜாடி வந்தது,
முட்டைகோஸ், விளிம்புவரை.

வாடகை இன்னும் வரவில்லை.
மேல்மாடிக்கு ஆளும் வரவில்லை.
சாயங்காலம் வந்து, விளக்கைப் போடாமல்,
தெரிந்தேதான் உட்காருகிறேன் இப்போது.
மேலே யாரும் இல்லையென்று தெரியும்.
இருந்தாலும்
சாவியைக் கொஞ்சம் சத்தமாகவே திருப்புகிறேன்.