தோளுக்குப் பின்னால் நாலு விரல்

குழகேசன் சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலம் எடுக்கிறான்.
நெற்றிக்கு அல்ல.
ஒரு சிட்டிகையைக் காற்றில் விடுகிறான்,
அது என் முகத்தில் வந்து படிகிறது.
"மேல்காத்து. வெயில் ஏறினா கொண்டலாத் திரும்பிரும்.
அதுக்குள்ள முடிக்கணும் டாக்டர்."

கோடியக்கரை. பங்குனி. காலை ஆறே கால்.
காவிரி எட்டாத கடைமடைக்கும் அப்பால்
உப்புப் பூத்த புல்வெளி.
கூப்பிடு தூரத்தில், கூப்பிடக் கூடாத தூரத்தில்
அந்த வெளிமான் கலை.
முறுக்குக் கொம்பு இரண்டிலும் நீல நைலான் வலை
கண்ணில் பாதியை மறைத்துத் தாடையில் இறுகியிருக்கிறது.
பதினோரு நாளாக அரைவயிறு.

முந்தாநாள் என் செருப்பு வார் கெடுத்தது.
நேற்று ஆட்காட்டி.
என் முழங்கைக்கு இரண்டு சாண் தள்ளி அதன் முட்டைகள்,
எனக்குத் தெரியவில்லை.
அது எழும்பிக் கத்திய கத்தில்
கலங்கரை விளக்கம்வரை சேதி போய்விட்டது.

இன்று வெறுங்கால்.
அது குனிந்தால் நாங்கள் நகர்கிறோம்,
நிமிர்ந்தால் கிடக்கிறோம், மாட்டுச்சாணம்போல.
நெருஞ்சி ஒன்று உள்ளங்கையில் ஏறியது,
பிடுங்க நேரமில்லை.
இன்னொன்று முழங்காலில்.
என்னைவிட ஆறு வயது இளையவன், தினக்கூலிக் காவலன்,
முன்னால் ஊர்கிற அவன் குதிகால்
புல்லை முறிக்காமல் புல்லுக்கு இடையில் போய் உட்காருகிறது.

முப்பது கெஜம்.
துப்பாக்கியின் காற்றழுத்தத்தைக் குறைக்கிறேன்.
கூடினால் ஊசி சதையைத் தாண்டி எலும்பைத் தேடும்.

அது நேராக என்னைப் பார்த்து நிற்கிறது.
ஆகாது.
திரும்புகிறது, பக்கவாட்டில், முழு உடம்பும் திறந்து,
முன்னங்கால் ஓர் அடி முன்னே.
கறுப்பு ரோமத்தின் கீழ் விலா ஏறி இறங்குகிறது.
குழகேசன் உதடு அசையாமல் சொல்கிறான்:
"தோளுக்குப் பின்னால நாலு விரல்.
உசுரு அங்கதான்."
பிறகு, கொஞ்சம் அவசரமாக,
"அங்க மட்டும் படக் கூடாது, இல்லியா?"

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது பின்தொடை,
உள்ளங்கை அகலத் தடித்த சதை.
அதன் பின்னால் ஒரு பெட்டை வந்து நின்றுகொண்டது.
போ.
போயேன்.
வியர்வை இமையில் இறங்கி உப்பாக நிற்கிறது.
பெட்டை போனது.

ஒரு தும்மல் அளவு சத்தம்.
சிவப்புக் குஞ்சம் தொடையில் பூத்ததைப் பார்த்தேன்,
அடுத்த கணம் நாலு காலும் தரையில் இல்லை.

துரத்தக் கூடாது.
துரத்தினால் பயம் மருந்தை முறித்துவிடும்.
குழகேசன் பீடியை வாயில் வைத்தான், பற்றவைக்கவில்லை.
ஒன்பது நிமிடம்.
நடுவே குதிரைகள் ஏழெட்டு
குளம்புத் தடத்தின் மீதே நடந்துபோயின,
நாங்கள் கேட்டு அனுப்பியதுபோல.

சேற்றுவிளிம்பில் மடங்கிக் கிடந்தது, மூக்கு தண்ணீருக்கு ஒரு விரற்கடை.
தலையைத் தூக்கி என் தொடையில் வைத்தான்.
கண்ணுக்கு என் துப்பட்டா.
கத்தரி. நீலக் கயிறு. ஈயக்குண்டு ஒன்று,
காய்ந்த நண்டுக்கால் ஒன்று,
யாரோ பொறுமையாகப் போட்ட முடிச்சு, அவிழவே இல்லை.
நாடி பார்க்க வேண்டிய இடம் வேறு,
என் கை தானாகப் போனது
தோளுக்குப் பின்னால், நாலு விரல்.
இவ்வளவு மெல்லிய தோலா.
இடித்துக்கொண்டே இருந்தது.

மாற்று மருந்து போட்டதும்
காது முதலில் எழுந்தது, பிறகு மிச்ச மான்.
பத்தடி தள்ளி நின்று புல்லை ஒரு வாய் பிடுங்கியது.
எங்களைத் தெரியாததுபோல் மென்றது.
அப்போது கொண்டல் திரும்பியது.
எங்கள் வாசனை போய்த் தொட்டிருக்க வேண்டும்,
வெளி முழுக்க மான்கள் ஒரே அலையாக எழுந்து ஓடின,
எது எங்களுடையது என்று தெரியவில்லை.

குழகேசன் வலையைச் சுருட்டினான்.
முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
அந்தக் கையெழுத்தை எங்கேயோ படித்தவன்போல.
அதை மட்டும் அறுத்து மடியில் செருகிக்கொண்டான்.
அதையும் நான் கேட்கவில்லை.