காட்சிமுனை ஒன்பது

வேப்பனப்பள்ளிக் கல்யாண மண்டபத்தில்
மணமேடை மேல் திரை கட்டினோம்.
என் வேலை இதுதான்:
இன்னும் உடைக்காத குன்றை
உடைத்துக் காட்டுவது.

சுட்டியை இழுத்தால் ஐந்தாம் ஆண்டு.
இன்னும் கொஞ்சம் இழுத்தால் பதினைந்து.
குன்று இருந்த இடத்தில் படிப்படியாய்ப் பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர்,
ஓரத்தில் நான் நட்ட மரங்கள்.
"அது என்னா மரம்?" என்றது பின்வரிசை.
மென்பொருளோடு இலவசமாய் வந்தது.
சொல்லவில்லை.

சென்றாயன் எழுந்தார்.
"இதெல்லாம் எங்க நின்னு பாத்தது?"
எட்டுப் படமும் தார்ச்சாலையிலிருந்து.
தரைக்கு மேல் ஒன்றரை மீட்டர்,
விதிமுறைப்படி, நிற்பவரின் கண்.
"எங்க வூட்டுல பகல்ல யாரும் நிக்கறதில்லையே."

மறுநாள் அவருடைய சாமந்திக் காட்டில்
கேமரா முக்காலியின் கால்களைக் குறுக்கினேன்.
பூப்பறிக்கும் நஞ்சம்மாளின் கண்ணுயரம்
எழுபது சென்டிமீட்டர்.
அங்கிருந்து பார்த்தால்
குன்றுதான் பாதி வானம்.
நாலு மணிக்கு அதன் நிழல்
வரப்பைத் தாண்டி வந்து முதுகைத் தொடுகிறது.
அப்போதுதான் அவள் கூடையை இறக்குகிறாள்.

அலுவலகம் வந்து குன்றை அழித்தேன்.
காலியிடத்தை எதைக்கொண்டு நிரப்ப
என்று கேட்டது கணினி.
வானம், மூன்றாம் வகை, லேசான மேகம்.
நிழலை நான் தொடவில்லை,
தானே போய்விட்டது.

எட்டுப் படம் போதும் என்றார் மேலாளர்.
எடுத்துவிட்டேன்.
பொருளடக்கத்தில் மட்டும்
காட்சிமுனை ஒன்பது, பக்கம் நாற்பத்து மூன்று
என்று இருக்கிறது.
யாராவது கேட்டால்
அழிக்க மறந்துவிட்டேன் என்பேன்.