இடது மார்பில் ஓர் ஓட்டை

ரீகா ஸ்டூடியோவின் உடைக்கிடங்கில்
கொக்கி எண் நாற்பத்தொன்று.
சாம்பல் நிறக் கோட்டு, ஜெர்மானிய அதிகாரியுடையது,
இடது மார்பில் ஓர் ஓட்டை.
ஒவ்வொரு படம் முடிந்ததும் நான் அதைத் தைப்பேன்.
அடுத்த படத்தின் கடைசி நாளில் பிரிப்பேன்.
காடு மாறும், பாலம் மாறும், சுடுகிற பையன் மாறுவான்.
குண்டுக்கு மட்டும் வழி மனப்பாடம்.

அதைப் போட்டவர் இந்துலிஸ் ஸ்விர்புலிஸ்.
ஸ்விர்புலிஸ் என்றால் எங்கள் மொழியில் சிட்டுக்குருவி.
ஆறடி இரண்டங்குலச் சிட்டுக்குருவி,
வெளிறிய நீலக் கண்,
உளி வைத்து எடுத்த தாடை.
மாஸ்கோவிலிருந்து வரும் இயக்குநர்கள்
அந்தத் தாடையைக் கண்டபின் வேறு ஆளைத் தேடியதில்லை.
“பிறவி ஜெர்மானியன்!”
பாராட்டாகத்தான் சொன்னார்கள்.
அவர் அண்ணனை ஜெர்மானியர்கள்
பைன் காட்டுக்குக் கூட்டிப்போனது
அவர்களுக்குத் தெரியாது.
எனக்கும் பன்னிரண்டாவது படத்தில்தான் தெரியும்,
பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது:
“காலரைத் தளர்த்தாதே வெல்தா.
வசதியாக இருந்தால் பயமாக இருக்கிறது.”

மருந்துக்கடைப் பெண் அவருக்கு
மாத்திரை எண்ணித் தருமுன் இரண்டு தரம் பார்ப்பாள்.
பள்ளியில் சண்டை விளையாட்டென்றால்
அவர் மகன்தான் தினமும் சாகவேண்டும்.
பையன் நன்றாகச் சாவான்,
அப்பாவிடம் கற்றுக்கொண்டு.

படப்பிடிப்பில் அவர் பேசத்தான் செய்தார்.
ரஷ்ய வசனம், எங்கள் ஊர் நாக்கு.
ஒவ்வொரு சொல்லையும் தலையில் தட்டித் தட்டி
உட்காரவைக்கிற நாக்கு.
ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி
சிகரெட் பற்றவைப்பார்.
பிறகு லெனின்கிராடில், இருட்டறையில்,
ரோதியோன் துச்கோவ் என்பவர்
திரையில் அசையும் அந்த உதடுகளுக்கு
ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவதுபோல் குரல் ஊற்றுவார்.
இருபத்துமூன்று படம்.
முகம் இவருடையது.
வாய்க்குள் இன்னொருவர் குடியிருந்தார்.

இருவரும் சந்தித்தது ஒரே தடவை,
மின்ஸ்க்கில், ஏதோ பரிசளிப்பு.
துச்கோவ் குள்ளம். கைகுலுக்கிவிட்டு
வெகுநேரம் பேசவில்லையாம்.
இவருக்கு மனசு சுருங்கிவிட்டது, கர்வமோ என்று.
கடைசியில்தான்:
“எ... எனக்குத் திக்குவாய்.
உங்கள் உ... உதட்டைப் பார்த்தால் மட்டும்
தட்டாமல் வருகிறது.”
இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார் இந்துலிஸ்.
சிரித்துக்கொண்டே இருந்தார்,
நான் ஊசியைக் கீழே வைத்து
தண்ணீர் கொண்டுவரும்வரை.

நாடு மாறியது. கொடி மாறியது.
ஸ்டூடியோவில் முதலில் ஹீட்டர் நின்றது, பிறகு சம்பளம்.
முளைத்து மூணு இலை விடாத இயக்குநன் ஒருவன்
எங்கள் மொழியில் படம் எடுத்தான்.
டிராம் ஓட்டுநர் வேடம்.
கோட்டு வேறு, ஓட்டை இல்லை, சாவு இல்லை.
அறுபத்தெட்டு வயதில்
திரையில் முதன்முறை அவர் சொந்தக் குரல்:
மெல்லிசாக, விளிம்பில் ஒரு விசிலோடு,
பேருக்கேற்ற குரல்.
பின்வரிசையில் ஒருத்தி கணவனிடம் கேட்டாள்:
“யாரைப் பேசவைத்திருக்கிறார்கள் இவருக்கு?
ஒட்டவே இல்லையே.”
இந்துலிஸ் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.
பாக்கெட்டில் மிட்டாய்த் தாள் ஒன்றை
மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் தந்தி வந்தது: துச்கோவ் இல்லை.
ஊருக்கே பெயர் மாறியிருந்தது.
விசா வாங்கிக்கொண்டு ரயிலில் போனார்.
சவப்பெட்டிக்கு முன் நின்று
தன் உடைந்த ரஷ்யத்தில் நாலு வார்த்தை சொன்னார்.
யாரோ தூரத்து உறவினர் என்று
எல்லோரும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.
பேசி முடித்து வாயை மூடினார்.
அப்போதுதான் கூட்டத்தில் ஒரு கிழவர்
தொப்பியைக் கழற்றினாராம்:
“ஐயோ, அந்த ஜெர்மானியன்!”

கிடங்கை யாரோ வாங்கிவிட்டார்கள்,
சாவி என்னிடம் இல்லை.
கோட்டு இன்னும் தொங்கலாம்.
கடைசியாக அதைத் தைத்தேனா,
பிரித்தபடியே மாட்டினேனா,
நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.