மாதிரி

மூடி சிவந்த ஒரு குப்பியை நீட்டி
பாதி போதும் என்கிறாள் பிரீஜா.
முசஃபாவில், டயர்க்கடைகளுக்கு மேலே, இரண்டாம் மாடி கிளினிக்.
லைசென்ஸ் புதுப்பிக்க வந்திருக்கிறேன்.
கண் பார்த்தாயிற்று.
கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து
ஏதோ எண்ணை எனக்குச் சொல்லாமல் எழுதிக்கொண்டார்கள்.
மிச்சம் இதுதான்.

குப்பியில் ஒட்டும் சீட்டில் பெயர் எழுதும்போது
அவளுக்குச் சிரிப்பு.
ஆரோக்கியம்.
மலையாளத்திலும் அதே அர்த்தம்தான் போல.

கழிப்பறை சுத்தமாக இருக்கிறது.
தாழ்ப்பாள் விழுகிறது.
வெளியே ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை.

வரவில்லை.

பதினோரு வருடம் டிரெய்லர் ஓட்டுகிறேன்.
ஓட்டுவது முதல் மாதத்திலேயே வந்துவிட்டது,
மற்ற வருடமெல்லாம் அடக்கப் பழகினேன்.
ஒரு மடக்குத் தண்ணீர் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று
என்னிடம் கேளுங்கள்.
தாரிஃப் வரை உதட்டை நனைக்கலாம்.
ருவைஸ் தாண்டியதும் மூடியைத் திருகிவிட வேண்டும்.
சிலாவில் எச்சில்.
பிறகு குவைஃபாத், எல்லை, வரிசை:
நாலு மணிநேரம் என்பார்கள், மறுநாளும் அங்கேயே விடியும்.
இறங்கிப் போனால் அந்த இடைவெளியில்
பின்வண்டி மூக்கை நுழைத்துவிடும்.
டீசலுக்குக் கம்பெனியில் கணக்கு உண்டு,
ஆகவே ஏசி கிடையாது.
சட்டை காய்ந்து உப்புக் கோடு விழும்,
அதன் மேல் இன்னொரு கோடு.

போன மாசம் ராஸ் அல் கைமாவில் ஏற்றிய லோடு
முந்நூறு வெஸ்டர்ன் டாய்லெட்.
நுரைத்தாள் சுற்றி, பெல்ட் போட்டு இறுக்கி,
ரியாதில் எவர் வீட்டுக்கோ.
எல்லையில் இருபத்தாறு மணிநேரம்
அத்தனையையும் முதுகில் வைத்துக்கொண்டு
தொடையை இறுக்கி உட்கார்ந்திருந்தேன்.
இதைச் சொன்னபோது குல் ஜமான்
ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தான்.

குல் ஜமானுக்கு மூன்று கல் விழுந்திருக்கிறது.
நஸ்வார் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.
குலுக்கிக் காட்டுவான்.
கஸ்டம்ஸில் காட்டினாயா என்றால்
சொந்தச் சரக்கு, வரி இல்லை என்பான்.
நாலாவது கல் வந்தபோது குலுக்கவில்லை.
ஹமீம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி
சக்கரத்துக்கும் நிழலுக்கும் நடுவில்
மண்ணில் உருண்டான்.
டெலிவரி தாமதம் என்று சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஜெபமாலை தினமும் போனில் கேட்பாள்,
சாப்பிட்டியளா.
குடிச்சியளா என்று கேட்டதில்லை.
நம் பாஷையில் அந்தக் கேள்விக்கு
வேறு அர்த்தம்.

குழாயைத் திறந்துவிட்டேன்.
பிள்ளைகளுக்கு உஸ்ஸ் சொல்வது மாதிரி
எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
ஒரு டிரெய்லருக்குச் சொல்வது மாதிரியும்: வா, வா, ரிவர்ஸ் வா.
கதவைத் தட்டி பிரீஜா
பரவாயில்லை, மெதுவா என்றாள்.
மெதுவா என்று ஒருவர் என்னிடம் சொல்லி
எவ்வளவு நாளாயிற்று.

கடைசியில் கொஞ்சம்.
எரிந்துகொண்டு வந்தது.
பால் விடாத டீயின் நிறம்,
ரொம்ப நேரம் அடுப்பில் கிடந்த டீ.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
பாதி இல்லை, கால்கூட இல்லை.
இப்போது சிரிக்கவில்லை.
வெள்ளம் குடிக்கணும் சேட்டா, நிறைய.
சரி என்றேன்.
எவரிடமும் சரி என்று சொல்வது என் வழக்கம்.

வராந்தாவில் தண்ணீர் மெஷின்.
காகிதத்தில் செய்த கூம்பு டம்ளர்.
நிரப்பி முடிக்கும் முன் போன்:
ஆரோக்கியம், நாலரைக்கு லோடு, எங்கே இருக்கே?

இந்த டம்ளரை எங்கேயும் வைக்க முடியாது.
அடி கூர்.
குடித்தாக வேண்டும், இல்லை கொட்ட வேண்டும்.
கையில் பிடித்தபடி நிற்கிறேன்,
தாரிஃப், ருவைஸ், சிலா என்று
உதடு எண்ணிக்கொண்டிருக்கிறது.