வீட்டில் படிச்சுக்கோங்க

பத்தாம் வகுப்பில்
செரிமான மண்டலம் முடிந்ததும்
ஜெசிந்தா டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்தார்.
"அடுத்த பாடம் வீட்டில் படிச்சுக்கோங்க,
ரெண்டு மார்க்தான் வரும்."
பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு.
பிறகு நேராகச் சுற்றுச்சூழல்.

எங்கள் வீடு
கோட்டூருக்குத் தெற்கே, வாய்க்கால் தாண்டிய காலனியில்
ஒரே அறை, ஆறு பேர்,
ஒரு குண்டு பல்பு.
அந்தப் படத்தை எந்த மூலையில் விரிப்பது?
அப்பா சாப்பிடும்போதா,
அண்ணன் கால் நீட்டிப் படுத்த பிறகா?
நாள்காட்டித் தாளில் அட்டை போட்டு
அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அது மார்கழி.
வெளியே சம்பா பொதி கட்டி நின்றது.
"சூல் பயிரு, தண்ணி குறையக் கூடாது"
வரப்பிலிருந்து வரப்புக்குக் கத்திச் சொன்னார்கள் ஆண்கள்.
பூ விடும் நேரம், மகரந்தம், பால் பிடிப்பது
எல்லாவற்றையும் ஜீப்பில் மைக் கட்டி விளக்கினார்
வேளாண்மை ஆபீசர்.
பள்ளிக்கூட வாசலிலேயே
மாட்டுக்குச் சினை ஊசி போட்டார்கள்.
சுற்றி நின்று பார்த்தோம்,
யாரும் விரட்டவில்லை.

பெரிய வீட்டு நிவேதிதா மன்னார்குடியில் படித்தாள்.
அவர்கள் பள்ளிக்குத் தஞ்சாவூரிலிருந்து லேடி டாக்டர் வந்தாராம்,
திரை கட்டிப் படம் காட்டினாராம்,
சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் போட
ஒரு பெட்டிகூட வைத்தாராம்.
அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.
எடைக்குப் போட வைத்த கட்டில் கலந்து
அந்தக் கையேடு எங்கள் வீட்டுக்கு வந்தது.
நாலு பக்கம், இங்கிலீஷ்.
மூணு சொல் புரிந்தது.
அந்த மூணைப் பிடித்துக்கொண்டுதான்
மீதிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சுடர்க்கொடிக்கு அதுவும் இல்லை.
பத்து முடித்ததும் பல்லடம் பக்கம் மில்லுக்குப் போனாள்.
ரெண்டு வருஷம் வலி.
கேட்டவர்களிடம் தலைவலி என்றாள்,
தலைவலி மாத்திரை கொடுத்தார்கள்.
கடைசியில் திருவாரூர் ஆஸ்பத்திரியில்
எங்கம்மா வலிக்குது என்றார்கள்.
"அங்க."
எங்க?
"அங்கதான்."
கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை,
சுவரைக் காட்டினாளாம்.
தன் உடம்பிலேயே
பேர் தெரியாத ஊர் ஒன்றை வைத்துக்கொண்டு
பஸ் ஏறி வந்திருந்தாள்.
கட்டி முற்றிப்போயிருந்தது.
கர்ப்பப்பையை எடுத்தபோது வயது பத்தொன்பது.

இப்போது என் மகள் பத்தாவது, அதே பள்ளி.
வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம்.
கழிப்பறைக் கதவு, முட்டைக் கணக்கு, சுற்றுச்சுவர்
பேசி முடித்து டீ வந்தது.
நான் எழுந்தேன்.
அந்தப் பாடம் நடத்திட்டீங்களா சார்?

மின்விசிறிச் சத்தம்.
பெரிய வீட்டு ரகுநாதன், சுற்றுச்சுவருக்குச் சிமெண்ட் கொடுத்தவர்,
டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:
"நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்கு அதெல்லாம் எதுக்கும்மா,
கெட்டுப்போயிடும்."

நிவேதிதா கெட்டுப்போகவில்லை.
மதுரையில் மகப்பேறு மருத்துவர்.

தீர்மான நோட்டு சுற்றி வந்தது.
என் கேள்வி ஏழாவது வரியில் கிடந்தது:
'இதர விஷயங்கள் பேசப்பட்டன.'

இதர.
அங்க.

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினேன்.
இதரன்னா என்னன்னு எழுதுங்க சார்.
பாடத்துக்குப் பேர் இருக்கு,
பக்கத்துக்கு நம்பர் இருக்கு.
இருநூத்திப் பதினேழு.
கடைசி பஸ் எட்டரைக்குத்தான்,
நான் இருக்கேன், எழுதுங்க.