பெப்ரவரியில் கட்டைவிரல்

காலை ஆறரை. கந்தப்பளைப் பந்துத்திடலில்
புல்லெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது,
மிதித்தால் நொறுங்குகிறது.
விமானத்தை ஒரு கையில் அணைத்து
பற்றரியை அக்குளில் இடுக்கி
அடைக்கோழி தூக்கி வருகிறவன் மாதிரி வருகிறேன்.

குளிர்ந்த பற்றரி பொய் சொல்லும்.
பத்து நிமிஷம் என்று காட்டிவிட்டு
ஐந்தாவதில் கைவிரிக்கும்.
அதற்குத்தான் அக்குள்.
கையையும் அங்கேயே வைத்துக்கொண்டால்
பறக்கவிடுவது யார்?

இறக்கை, மீன் பெட்டி ரெஜிபோம்.
வெயில் ஏறினால் இன்னும் பேலியகொடை வாசம் அடிக்கும்.
ரிமோட், மொஹிதீன் கடையில் மூன்று தவணைக்கு.
மூன்றாவது பாக்கி.

போன ஞாயிறு விரல் மரத்துப்போனது.
மரத்துவிட்டது என்று தெரியவில்லை,
மரத்துப்போவது என்பதே அதுதானே.
குச்சியை நான் தள்ளினேனா
குச்சி என்னைத் தள்ளியதா
மேலே இருந்ததற்கு மட்டும்தான் தெரிந்தது.
அது ஏழாம் நம்பர் மலையைத் தாண்டி
சவுக்கு மரத்தில் போய் உட்கார்ந்தது.
ஒரு காகம் நகர்ந்து இடம் கொடுத்தது.

கம்பளி உறை போட்டுப் பார்த்தேன்.
குச்சியின் நுனி எங்கே என்று விரல் கேட்டது,
கம்பளி பதில் சொல்லவில்லை.
உறையின் நுனியை வெட்டினேன்.
குளிர் வெட்டிய இடத்தைத்தான் முதலில் தேடி வந்தது.
பிறகு அவித்த கிழங்கு,
சட்டைப் பைக்கு ஒன்றாக இரண்டு.
ஏற்றும்வரை பொத்திப் பிடித்திருந்து
இறக்கியதும் கட்டச்சம்பலோடு தின்னலாம்.
இடைப்பட்ட ஆறு நிமிஷத்துக்குத்தான்
வழி இல்லை.

தவமலர் தன் பழைய படங்கை வெட்டினாள்.
உள்ளே கம்பளித் துண்டு,
இரு பக்கமும் ஸ்வெட்டர் கைகள்,
மேலே பார்ப்பதற்குப்
பள்ளிக்கூடப் புத்தகத்து உறைப் பொலித்தீன்.
கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன்.
"என்னண்ணே, கங்காருவா?" என்றான் ஜெயசீலன்.

இன்றுதான் முதல் தடவை.
உள்ளே சூடு. நல்ல சூடு.
பொலித்தீனில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை.
கைகளும் மூச்சு விடும் என்பது
நாற்பத்தொரு வயதில் தெரியவந்தது.
பரவாயில்லை, ஆளிகள் விரலுக்கு மனப்பாடம்.
விமானம் லீக்ஸ் பாத்திகளுக்கு மேலே
ஒரு வட்டம், இன்னொரு வட்டம்.

அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.
ஞாயிறென்றாலும் இன்று கைக்காசு.
ஏழரைக்கு மலையில் நிற்கவேண்டும்,
பனி கருக்காமல் விட்ட செடிகளில்.
வெடிப்பு வெடிப்பாய், வெடிப்புக்குள் சாயக்கறையாய் விரல்கள்.

"நீ ஏன் உறை போடுவதில்லை?"
"போட்டா கொழுந்து எது முத்தல் எதுன்னு
விரலுக்குத் தெரியுமா?"

போன வாரம் நான் இதையே
பெரிய கண்டுபிடிப்பு மாதிரி
அவளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.
அவள் நூலைப் பல்லால் கடித்து
அடுத்த தையலுக்குப் போனாள்.

அண்ணாந்தபடி என்ன சொல்வதென்று தேடுகையில்
கேட்காமல் கொள்ளாமல்
ஸ்வெட்டர் கைகளுக்குள் தன் கைகளையும் நுழைத்தாள்.
தவளை வயிறு!
என் கட்டைவிரல்கள் இரண்டும் துள்ள
மேலே விமானம் ஒரு முழுக் கரணம் அடித்து
நேராகி
ஒன்றும் நடக்காததுபோல் பறந்தது.
இரண்டு மாதமாக எனக்கு வராத கரணம்.

"இன்னொருக்கா."
"எப்படின்னு தெரியாது."

பற்றரி கத்தத் தொடங்கியது.
கொஞ்சம் பொறுத்து ஃபெக்டரிச் சங்கும்.
நான்கு கையும் உள்ளே இருக்க
எந்த விரல் யாருடையது என்ற கணக்கில்லாமல்
எப்படியோ இறக்கினோம்.
வெள்ளைப் புல்லில் நீளமாய்
ஒரு பச்சைக் கோடு.

போகும்போது என் பைகளில் கைவிட்டு
இரண்டு கிழங்கையும் எடுத்துக்கொண்டாள்.
சம்பலை நீட்டினேன்.
தின்ன இல்லை என்றாள்.