ஈரம் கழித்து

பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
மூட்டையைத் திருப்பிவிடுவது என் வேலை.
கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
மாசி ஞாயிறுகளில்
அதே பேனாவால் நாய்களை எழுதுகிறேன்.
பணம் வைப்பதில்லை.
வைக்கிறவர்கள் என் ஸ்கூட்டியைச் சுற்றி நிற்பார்கள்:
"அக்கா, கத்தரியா டீசலா?"

கத்தரி வல்லத்து மேட்டில் முந்நூறு மீட்டரைப்
பத்தொன்பது புள்ளி இரண்டு விநாடியில் கடந்தது.
கிளம்பும்போது இருமுவதால் டீசல் என்று பெயர் வாங்கியது
வெண்ணாற்று மணலில் இருபது புள்ளி ஒன்று.
அப்போ கத்தரிதானே, என்று கிளம்பிவிடுவார்கள்.
நில்லுங்கள்.
வல்லம் செம்மண். வைத்த காலைத் திருப்பித் தள்ளும் தரை.
வெண்ணாற்றில் மேட்டூர் மூடி இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை.
மேலே சுடுமணல்,
இரண்டு விரல் தோண்டினால் ஆறு இன்னும் இருக்கிறது.
அந்த ஈரத்தைக் கழிக்காமல்
எந்த நாயை எந்த நாயோடு வைப்பது?

எவ்வளவு கழிப்பது என்பதற்கு
என்னிடம் மல்லி இருந்தது.
கூத்தாநல்லூர் ஹாஜா மைதீன் வீட்டுச் சாம்பல் நிறப் பெட்டை.
எங்கே விட்டாலும் ஐந்தாவது.
முந்தாது, முடங்காது, பக்கத்து நாயைக் கடிக்காது.
யாரும் ஐம்பது ரூபாய்கூட வைக்காத அது
எனக்குப் படிக்கல்.
வல்லத்தில் மல்லி இருபது புள்ளி நான்கு.
ஆற்றில் இருபத்தொன்று புள்ளி ஆறு.
ஆக, ஆற்றின் கூலி ஒன்று புள்ளி இரண்டு.
கழித்தேன்.
டீசல் பதினெட்டு புள்ளி ஒன்பதுக்கு இறங்கிற்று.
பொங்கலுக்குப் பிறகு அதற்குச் சதை போட்டிருக்கிறது,
மூன்று விலா தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரிகிறது.
கால் விநாடி ஏற்றினேன்.
அப்போதும் மயிரிழையில்
டீசல்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே அறுத்த வயல்.
அறுவடை இயந்திரத்தின் சங்கிலித் தடம் காய்ந்து கிடந்தது.
கவிழ்த்த டிவிஎஸ்ஸின் பின்சக்கரம் கயிற்றைச் சுருட்ட,
கயிற்று நுனியில் சாக்கு முயல் துள்ளிப் பறந்தது.
நாய்கள் போன வேகத்தில்
கொக்குகள் எழும்புவதற்குள் எல்லாம் முடிந்தது.
கத்தரி. இரண்டு நாய் நீளத்தில்.
டீசல் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது.
மல்லி ஐந்தாவது.

ஒருவரும் திட்டவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
ஹாஜா மைதீன் மட்டும் மல்லிக்குத் தண்ணீர் காட்டியபடி
பொதுவாகச் சொன்னார்:
"இன்னிக்குப் பரவால்ல, நல்லா ஓடுனா.
அன்னிக்கு ஆத்துல முன்னங்கால்ல கருவமுள்ளு.
ராத்திரிதான் பாத்துப் புடுங்குனேன்."

நோட்டை விரித்தேன்.
நான் கழித்தது ஆற்றை இல்லை.
ஒரு முள்ளை.
அந்தப் படிக்கல்லில் நிறுத்த பதினொரு நாய்கள்
வரிசையாக, நீல மையில்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.
நொண்டாமல் ஓடுகிறதே என்று நினைத்தேன்.
வலியைக் காட்டாத நாயைச்
சீரான நாய் என்று எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை முல்லைவாசல் அமிர்தகடேசன் வந்தார்.
டீசலின் சொந்தக்காரர்.
டிராக்டரில் நாற்பத்திரண்டு மூட்டை,
மேலே விரித்த தார்ப்பாயில் பனி சொட்டிற்று.
ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டேன்.
பதினேழு புள்ளி ஆறு.
வழக்கமாக நிமிர்ந்து பார்க்காமலே
"காயவச்சுக் கொண்டாங்க" என்பேன்.
அவரும் அதற்குத் தயாராகத்
துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்.

நான் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
மூடியைக் கழற்றி ஊதினேன்.
இன்னொரு மூட்டையில் ஊசி செருகினேன்:
பதினாறு புள்ளி ஒன்பது.
"எது சரி?" என்றார்.
வரிசையில் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
எது சரி என்று எனக்கும் தெரியவில்லை.
அடி வரிசையிலிருந்து ஒரு மூட்டையை
இழுத்துப் போடச் சொன்னேன்.
முழங்கை வரை உள்ளே விட்டு
அங்கேயே கொஞ்ச நேரம்
கையை வைத்திருந்தேன்.